பருவநிலை மாற்றம்: பொறுப்பு யாருடையது?

(மேட்டூரில் கூடிய விவசாயிகளிடையே உழவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் மேட்டூர் மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் ஒரு வயல் விழாவுக்குச் சென்றிருந்தேன். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். "வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. அது பூமியைச் சூடாக்குகிறது" என்று சொன்னேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க ஐயா, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி ராத்திரி பகலாப் புகையுது. ஊர் உலகமெல்லாம் காரும் விமானமும் ஓடுது. அதையெல்லாம் விட்டுப்போட்டு, ஒண்ணரை ஏக்கர் நெல்லு நட்ட நான்தான் உலகத்தைச் சூடாக்கிட்டேனுங்களா? மழை தப்பினா நட்டமும் எனக்கு, பழியும் எனக்குங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தண்ணீர் மிச்சமாகும், மகசூல் குறையாது என்று எதையோ சொல்லி முடித்துக்கொண்டேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அணை காட்டும் செய்தி

பருவநிலை மாறுகிறதா என்று மேட்டூர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் கண்ணெதிரே 120 அடி அளவுகோல் நிற்கிறது. 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் திறக்கப்பட்ட இந்த அணை 93.47 டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது மரபு. அண்மை ஆண்டுகளில் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017-ல் அணை திறக்க அக்டோபர் 2 ஆயிற்று. மறு ஆண்டே, அதாவது 2018-ல், ஜூலை 23-ஆம் நாள் அணை நிரம்பி வழிந்தது. 2022-ல் மரபான நாளுக்கு முன்பே, மே 24-லேயே அணை திறக்கப்பட்டது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. அதே ஜூலை 30-ஆம் நாள் 120 அடி. ஒரே மாதத்தில் ஏறத்தாழ 80 அடி! நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதையும், சில வாரங்களில் அவை மறுபடி மூழ்குவதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர் வற்றிய நிலத்தில் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் விதைப்பவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு மாதம் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒவ்வொரு வறட்சிக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று சொல்ல முடியாது. அணை கட்டுவதற்கு முன்பே, 1924-ல், காவிரியில் பெருவெள்ளம் வந்து பெருஞ்சேதம் விளைத்தது. மேல்மடையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதும் நம் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிக விதி. அந்தக் காற்று வறண்ட நாளில் மண்ணின் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். மழை நாளில் அதிகமாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருவதற்கு இது இடம் கொடுக்கிறது. பூமியின் வெப்பநிலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது. நெல் பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் விழும். ஒரு டிகிரி என்பது விவசாயிக்குச் சிறு கணக்கு அல்ல.

மதகு இல்லாத அணை

வானத்தையும் ஓர் அணையாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எதை எரித்தாலும் கரியமில வாயு உண்டாகி அங்கே போய்ச் சேருகிறது. மேட்டூர் அணைக்கு மதகு உண்டு, மிகுந்தால் திறந்துவிடலாம். வானத்துக்கு அப்படி மதகு கிடையாது. மரங்களும் கடலும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இதுதான் திறவுகோல். இந்த அணை திறக்கப்பட்ட 1934-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எரித்த நிலக்கரியின் வாயு முழுதும் போய்விடவில்லை. அதில் ஒரு பங்கு இன்றும் நம் தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே இன்று யார் எவ்வளவு புகைவிடுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் கணக்குப் பொய்யாகிவிடும். பழைய ஏட்டையும் புரட்ட வேண்டும்.

அப்படிப் புரட்டினால் என்ன தெரிகிறது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எரிபொருள்களால் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. ஐரோப்பிய நாடுகளின் பங்கும் மிகப் பெரிது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு அளவில்தான் இருக்கிறது. இன்றைய கணக்கிலும், ஓர் அமெரிக்கரின் பெயரில் ஆண்டுக்குச் சுமார் 14 டன். ஓர் இந்தியரின் பெயரில் சுமார் 2 டன். உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு.

ஏட்டின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக் கணக்கில் இன்று முதலிடம் சீனாவுக்கு, மூன்றாம் இடம் இந்தியாவுக்கு. நம் நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயுக்களில் முக்கால் பங்கு எரிசக்தியிலிருந்து வருகிறது. வேளாண்மையின் பங்கு சுமார் 14 விழுக்காடு. 2 டன் என்ற சராசரியும் ஒரு போர்வைதான். நான்கு அறையில் குளிர்சாதனமும் வாசலில் இரண்டு காரும் வைத்திருக்கிறவரும், மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்த நம் பெரியவரும் அந்த ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள்.

நெல் வயல் மீது வந்த பழி

பெரியவர் கேட்ட கேள்வி புதியதல்ல. உலக அரங்கிலேயே அது ஒரு வழக்காக நடந்திருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த உலக வள நிறுவனம் நாடுவாரியாக ஒரு கணக்கு வெளியிட்டது. நெல் வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் வரும் மீத்தேனையும் சேர்த்து, இந்தியாவையும் சீனாவையும் பெரும் பொறுப்பாளிகளின் பட்டியலில் அது வைத்தது. 1991-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை மறுத்து ஒரு நூல் எழுதினார்கள். வயிற்றுப் பாட்டுக்காக நெல் நடுகிறவனின் மீத்தேனையும், சொகுசுக்காகக் கார் ஓட்டுகிறவனின் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

நியாயம் பேசுவதோடு நம்மவர்கள் நிற்கவில்லை; அளந்தும் காட்டினார்கள். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. மேலை நாட்டு வயல்களில் கண்ட அளவை நம் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. 1991-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் நாட்டின் பல நெல் பகுதிகளில் வயலிலேயே பெட்டி கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். விடை சுமார் 40 இலட்சம் டன் என்று வந்தது. சொல்லப்பட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! நம் மண்ணில் அங்கக்கரிமம் குறைவு. மானாவாரி நெல்லும் மேட்டு நெல்லும் உண்டு. தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்வதும் உண்டு. இவற்றையெல்லாம் அந்தப் பழைய கணக்கு பார்க்கவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். அளக்காமல் யார் மேலும் பழி போடக் கூடாது என்பது முதல் பாடம். அளந்த பிறகும் விடை பூஜ்யம் வரவில்லை என்பது இரண்டாவது பாடம். 40 இலட்சம் டன் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மீத்தேன் பன்னிரண்டு ஆண்டு அளவில் சிதைந்துவிடும். கரியமில வாயுவைப் போலத் தலைமுறை தலைமுறையாகத் தங்காது. இருக்கும் காலத்தில் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது மிகக் கடுமையானது. ஆகவே இன்று குறைத்தால் அதன் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

குடிமராமத்துக் கணக்கு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏரிக்கரை உடைந்தால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? யார் மாடு கரையை மிதித்தது என்ற விசாரணை பிறகு நடந்தது. முதலில் ஊரே மண்வெட்டியோடு போய் நின்றது. ஆனால் எல்லோரும் ஒரே அளவு வேலை செய்யவில்லை. ஆயக்கட்டில் நிலம் எவ்வளவோ அதற்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும். பத்து ஏக்கர்க்காரர் பத்து ஏக்கருக்கு ஆள் அனுப்பினார். அரை ஏக்கர்க்காரர் தானே ஒரு நாள் வந்து மண் சுமந்தார். வராதவரிடம் ஊர் தண்டம் வாங்கியது. இதுதான் குடிமராமத்து. 1858-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு சட்டம் இயற்றினார்கள்.

இந்த நியாயத்தைத்தான் 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் எழுதி வைத்தன. பொறுப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அளவு வேறு வேறு என்பது அந்த உடன்படிக்கையின் சாரம். அதிகம் எரித்தவர்களும் அதிகம் வசதி படைத்தவர்களும் முதலில், அதிகமாகச் செய்ய வேண்டும். 2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தமும் இதை ஏற்றுக்கொண்டது.

எழுதியபடி நடந்ததா? ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் வாக்குக் கொடுத்தன. சொன்ன ஆண்டில் அது நிறைவேறவில்லை. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதத்துக்கு ஈடு தர ஒரு நிதியம் வேண்டும் என்று முப்பது ஆண்டு கேட்ட பிறகு, 2022-ல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். பத்து ஏக்கர்க்காரர் ஆள் அனுப்பாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த கதைதான் இது.

ஆனால் தண்டம் கேட்கும் குரலும் எழுந்துவிட்டது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் ஹுவாராஸ் என்ற மலை நகரம். அங்கே சவூல் லூசியானோ லியூயா என்ற விவசாயி. பனிமலை உருகி மேலேயிருக்கும் ஏரி பெருகுகிறது. உடைந்தால் தம் வீடு போகும் என்று அஞ்சினார். 2015-ல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. என்ற பெரிய மின்சாரக் கம்பெனி மீது ஜெர்மனியிலேயே வழக்குப் போட்டார். பாதுகாப்புச் செலவு முழுவதையும் அவர் கேட்கவில்லை. உலகில் சேர்ந்த வாயுவில் அந்தக் கம்பெனியின் பங்கு 0.47 விழுக்காடு என்று கணக்கிட்டு, செலவிலும் அந்தப் பங்கை மட்டுமே கேட்டார். குடிமராமத்துக் கணக்கு அப்படியே! பத்து ஆண்டுக்குப் பின், 2025 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. அவர் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்து போதிய அளவு இல்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். ஆனால் பெரும் புகைக்காரர்கள் தங்கள் பங்குக்கேற்பப் பொறுப்பேற்க வேண்டி வரலாம் என்பதைக் கொள்கையளவில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வழங்கியது. காவிரியில் நம் பங்கு எவ்வளவு என்று நாம் கேட்டு வாங்கியதுபோல, வானத்திலும் நியாயமான பங்கு கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

நம் ஊரில் யார் யாருக்கு என்ன பங்கு?

வெளிநாட்டானைச் சொல்லிவிட்டு நம் ஊரை விட்டுவிட முடியாது. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெரியவர் சுட்டிக்காட்டிய புகைபோக்கி உண்மையிலேயே பெரிய கணக்குத்தான். ஆனால் அந்த மின்சாரம் எங்கே போகிறது? நகரத்துக்கு, ஆலைக்கு, கடைத்தெரு விளக்குக்கு, நம் பம்புசெட்டுக்கும். தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட். நாளைக்கு 6 மணி வீதம் 100 நாள் ஓடினால் 2,400 யூனிட். எல்லாம் நிலக்கரி மின்சாரம் என்று வைத்தால் இரண்டு டன்னுக்கு மேல் வாயு. நீர்மின்சாரமும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கலந்து வருவதால் உண்மையில் இதைவிடக் குறையும். இந்த மின்சாரம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனாலும் நம் பக்கம் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

புகைபோக்கியைக் குறைப்பது விவசாயியின் வேலை அல்ல. நிலக்கரியிலிருந்து படிப்படியாகச் சூரிய மின்சாரத்துக்கும் காற்று மின்சாரத்துக்கும் மாறுவது மத்திய, மாநில அரசுகளின் வேலை; பெரும் ஆலைகளின் வேலை. 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றும்போது அனல் மின் நிலையத்தில் உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாற்று வேலை காட்டுவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை. பஞ்சம் போக்க வந்த குட்டை நெல் இரகங்களோடு, வயலில் தண்ணீரைக் கட்டி நிறுத்துங்கள், யூரியாவைத் தாராளமாகப் போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள்தாம். அன்று நாட்டுக்குச் சோறு வேண்டியிருந்தது. அந்த அறிவுரை அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. இன்று வேறு முறை சொல்கிறோம் என்றால், பழையதைச் செய்தவர் மேல் குற்றம் சுமத்திவிட்டுச் சொல்லக் கூடாது. அன்று வரப்பில் நான் செய்த பிழை அதுதான்.

கூட்டுப் பொறுப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலேயே சான்று உண்டு. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் நம் நாட்டுக்குள் புகுந்து, இங்கே மரவள்ளித் தோட்டங்களைச் சுருட்டியது. நீங்கள் யாரும் அதை அழைத்து வரவில்லை. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். குளவியைக் கொண்டு வந்தது அரசின் பங்கு. குளவி விட்ட தோட்டத்தில் கடும் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதும், பூச்சி பிடித்த கரணையை நடாமல் விடுவதும் விவசாயியின் பங்கு. இதில் ஒருவர் தவறினாலும் மற்றவர் உழைப்பு வீண்.

நம் கையில் உள்ள பங்கு

ஆகவே பெரியவருக்கு என் பதிலின் முதற்பாதி இது: "பழி உங்களுடையதல்ல." இரண்டாம் பாதி: "ஆனாலும் உங்கள் கையில் ஒரு வேலை இருக்கிறது. அதன் முதல் பலன் உங்களுக்கே." உலகத்தைக் காப்பாற்றுவதற்காக நட்டப்படுங்கள் என்று எந்தச் சிறு விவசாயியையும் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. செலவைக் குறைத்து, வறட்சியைத் தாங்கும் வலுவைத் தந்து, வாயுவையும் குறைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு அடி நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சுங்கள். நட்ட பின் சுமார் இரண்டு வாரம் கழித்து இதைத் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், ஈரம் குறைய விடக் கூடாது. இம்முறையில் பாசன நீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும், மகசூல் குறையாது. மோட்டார் ஓடும் நேரமும் குறையும். தண்ணீர் முறை வைத்து வரும் கால்வாய்ப் பாசனத்தில் இதைத் தனி ஒருவர் செய்வது கடினம். மடைக்காரர்கள் கூடிப் பேசிச் செய்ய வேண்டும்.

2. யூரியாவைப் பார்த்துப் போடுதல். பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகிறது. எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட இது 270 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். அதைவிட நமக்கு முக்கியம், அது காற்றில் போகும் காசு. இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையின் நிறத்தை ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே ஆறு இலைகளாவது இருந்தால் மட்டும் யூரியா இடுங்கள்.

3. எரிக்காமை. கரும்புத் தோகையைக் கொளுத்தினால் ஒரு நாளில் நிலம் சுத்தமாகும். ஆனால் மண்ணுக்குப் போக வேண்டிய கரிமம் புகையாகும். பார்களின் இடையில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மண்ணில் சேர்ந்து மட்கும்.

4. தண்ணீரைத் தேக்குதலும் சொட்டுதலும். மேட்டூர் உபரி நீரைத் திப்பம்பட்டியில் ஏற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு விடும் திட்டம் 565 கோடி ரூபாயில் தீட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏரி வரை தண்ணீர் கொண்டுவருவது அரசின் கடமை. ஏரிக்குள் சீமைக் கருவேலும், வரத்து வாய்க்காலில் குப்பையும் இல்லாமல் காப்பது ஊரின் கடமை. ஒரு மாதத்தில் 80 அடி ஏறும் காலத்தில், வந்த நாளில் பிடித்து வைப்பவனுக்கே தண்ணீர். மஞ்சள், மரவள்ளி, வாழை போடுவோர் சொட்டு நீருக்கு மாறுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. சூரிய சக்தி பம்புசெட்டுக்கும் மானியம் உண்டு. வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. ஒரு நோட்டுப் புத்தகம். மழை பெய்த நாள், விதைத்த நாள், பூத்த நாள், பூச்சி வந்த நாள், கிடைத்த மகசூல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டு எழுதினால் எந்த இரகம், எந்த வாரம் விதைப்பு உங்கள் நிலத்துக்கு ஏற்றது என்பது தெரியும். நாளைக்கு நட்டம் என்று அதிகாரியிடமோ காப்பீட்டுக்காரரிடமோ பேசும்போதும் கையில் கணக்கு உள்ளவன் பேச்சுக்கு எடை உண்டு. 1991-ல் அளந்ததால்தானே நம் நெல் வயலின் மேல் விழுந்த பழியில் பத்தில் ஒன்பது பங்கு கழன்று விழுந்தது?

நிறைவாக

விவசாயப் பெருமக்களே! கரை உடைந்துகொண்டிருக்கிறது. உடைத்தவர் யார் என்ற ஏட்டை மூடிவிடாதீர்கள். அதை மறக்கும்படி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணக்கார நாடு தன் ஆளை அனுப்பட்டும், அரசும் ஆலையும் தம் ஆளை அனுப்பட்டும் என்று கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் உரத்துக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே நம் அரை ஏக்கருக்குரிய ஒரு கூடை மண்ணையும் சுமப்போம். ஏனென்றால் தண்ணீர் முதலில் பாயப்போவது கரையை ஒட்டிய நம் வயலில்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரின் வயலில் நீர்க்குழாய் புதைக்கப் போகிறோம். குழாயை நாங்கள் கொண்டு வருகிறோம் என்றும், புதைப்பதற்குக் குழி தாமே தோண்டி வைப்பதாகவும் பேசி முடிவாகியிருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வாருங்கள். வயல்நீர்க் குழாய், இலை வண்ண அட்டை பற்றி மேலும் அறிய விரும்புவோர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.